பி-ஃபிளாட்டா, எஃப்பா? சொந்தமாக ஒரு ட்யூபா வாங்க ஆலோசனை வேண்டும்

நெக்கர்க்கரையான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஜேர்மனியில் டூபிங்கன் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர் வாத்தியச் சங்கத்தில் ஆறு ஆண்டுகளாக ட்யூபா, அதாவது பித்தளை ஊதுகருவிகளிலேயே மிகத் தாழ்ந்து ஒலிக்கும் பெரிய வாத்தியம், வாசித்து வருகிறேன். மகனைக் கிளாரினெட் வகுப்புக்கு அழைத்துச் சென்று வெளியே காத்திருந்த நாள்களில், கடைசி வரிசையில் ஆளில்லாமல் கிடந்த ட்யூபாவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார்கள். முப்பத்தைந்தாவது வயதில் இதற்குள் வந்தது அப்படித்தான். மகன் கிளாரினெட்டை விட்டுவிட்டான், நான் விடவில்லை.

இதுவரை வாசித்தது சங்கத்துக்குச் சொந்தமான மிராஃபோன் 186 பி-ஃபிளாட் ட்யூபா (பி-ஃபிளாட், எஃப், சி என்பவை வாத்தியத்தின் அடிப்படைச் சுருதியின் பெயர்கள்). நான்கு ரோட்டரி வால்வுகள் (அழுத்தினால் சுழன்று குழாயின் நீளத்தைக் கூட்டுபவை) கொண்டது. புதிதாக இரண்டு இளைஞர்கள் சேர்வதால், இலையுதிர் காலத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கிடையில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து பிராஸ் குவின்டெட் ஒன்றையும் தொடங்கியிருக்கிறோம்: இரண்டு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு ட்ராம்போன், அடியில் நான். அங்கே என் பி-ஃபிளாட் மற்ற நால்வரையும் மூடிவிடுகிறது என்று ஹார்ன் வாசிப்பவர் வாராவாரம் குறைப்படுகிறார்.

கையில் இருப்பது 6,500 யூரோ. இந்தத் தொகைக்குள் மூன்று வாத்தியங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, பயன்படுத்திய பி அண்ட் எஸ் எஃப் ட்யூபா, ஆறு வால்வுகள். இரண்டாவது, பயன்படுத்திய செர்வெனி பி-ஃபிளாட். மூன்றாவது, சீனாவில் செய்யப்பட்ட புத்தம் புதிய சி ட்யூபா. சிகாகோவின் புகழ்பெற்ற யார்க் ட்யூபாவின் மறுபதிப்பு என்று விளம்பரம் சொல்கிறது. என் ஆசிரியர் எஃப் வாங்கச் சொல்கிறார், சங்கத்தின் நடத்துநர் பி-ஃபிளாட்டை விட்டு நகரக் கூடாது என்கிறார், இணையத்தில் தேடினாலோ மிராஃபோன், மெல்டன், யமஹா என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். எந்தத் தயாரிப்பாளரை நம்பலாம்?

(ஒரு சிறு குறிப்பு: இந்த நாட்டில் "பி" என்றாலே பி-ஃபிளாட்தான், மற்றவர்கள் பி என்பதை இவர்கள் "ஹா" என்பார்கள். குழப்பம் வராமலிருக்க நான் பி-ஃபிளாட் என்றே எழுதுகிறேன்.)

மந்தர ஸ்தாயி எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். மியூனிக்கில் ஓர் அமெச்சூர் இசைக்குழுவில் பதினைந்து ஆண்டுகளாக எஃப், பி-ஃபிளாட் இரண்டையும் வாசிக்கிறேன். எந்தத் தயாரிப்பாளர் என்ற கேள்வியைச் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, எந்தச் சுருதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாகஸ்வரத்தில் திமிரியா பாரியா என்று தீர்மானிக்காமல் எந்த ஆசாரியிடம் செய்யக் கொடுப்பது என்று யாரும் யோசிப்பதில்லை அல்லவா?

நம்மில் பலர் எஃப் ட்யூபாவை ஏதோ தனிக் கச்சேரிக்காரர்களின் ஆடம்பரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ட்யூபா பிறந்ததே எஃப்பில்தான். 1835 செப்டம்பர் 12 அன்று பெர்லினில் வீப்ரெஹ்ட் என்ற இராணுவ இசை நடத்துநரும் மோரிட்ஸ் என்ற கருவி வினைஞரும் காப்புரிமை பெற்ற பேஸ் ட்யூபா, ஐந்து வால்வுகளுடன் எஃப் சுருதியில் அமைந்தது. அதைவிட நீளமான பி-ஃபிளாட், சி ஆகியவை பின்னால் வந்தவை. நீளம் என்று சொல்வதும் வெறும் அலங்காரமல்ல. எஃப் ட்யூபாவின் குழாயை நிமிர்த்தினால் ஏறக்குறைய 3.7 மீட்டர், ஈ-ஃபிளாட் 4 மீட்டர், சி 4.9 மீட்டர், பி-ஃபிளாட் 5.4 மீட்டர் வரும்.

இப்போது உங்கள் சங்கத்தில் நீங்கள் வாரந்தோறும் வாசிப்பதை எண்ணிப் பாருங்கள். போல்காவும் மார்ச்சும் பெரும்பாலும் பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் சுருதிகளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் வேலையில் பாதி, தாழ் பி-ஃபிளாட்டுக்கும் அதற்குக் கீழுள்ள எஃப்புக்கும் மாறி மாறிப் போய் வருவது. பி-ஃபிளாட் ட்யூபாவில் முதல் சுரத்துக்கு வால்வே தேவையில்லை, இரண்டாவதற்கு நான்காம் வால்வு மட்டும் போதும், தூக்கத்தில்கூட வாசித்துவிடலாம். அதே இரண்டையும் எஃப் ட்யூபாவில் வாசிக்கப் போனால், தாழ் பி-ஃபிளாட்டுக்கு ஒன்றையும் நான்கையும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்தச் சேர்க்கை இயல்பிலேயே சுருதி ஏறித்தான் நிற்கும், அதைச் சரிக்கட்டத்தான் ஐந்தாம் வால்வே வைத்திருக்கிறார்கள். கீழே உள்ள எஃப்போ அந்த வாத்தியத்தின் அடிப்படைச் சுரம், அதாவது பெடல். அது பேசும், ஆனால் நாற்பது பேர் கொண்ட குழுவைத் தாங்கும் அளவுக்கு எல்லோர் உதட்டிலும் பேசாது. ஆகவே நடத்துநர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குவின்டெட்டில் ட்யூபா மேல் ஸ்தாயியில் ட்ராம்போனோடு கலந்து பாட வேண்டியிருக்கும், அங்கே எஃப்பின் மெல்லிய, தெளிவான நாதம் பொருந்தும். தனி வாசிப்புக்கும் அதுவே ஏற்றது; வான் வில்லியம்ஸ் 1954 இல் எழுதிய ட்யூபா கான்செர்ட்டோவை இன்று பலரும் எஃப்பில்தான் வாசிக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஜெர்மனியில் ட்யூபாவுக்கான நோட்டு ஒலிக்கும் சுருதியிலேயே எழுதப்படுவதால், பி-ஃபிளாட்டிலிருந்து எஃப்புக்குப் போகிறவர், எந்தச் சுரத்துக்கு எந்த வால்வு என்ற விரலடைவு முழுவதையும் புதிதாகப் படிக்க வேண்டும். எனக்கு எட்டு மாதங்கள் ஆயின, அதுவும் திருமணமாகாத காலத்தில்.

தயாரிப்பாளர்களைப் பற்றிச் சுருக்கமாக. மிராஃபோன் வால்ட்கிரைபுர்க் ஊரைச் சேர்ந்தது; இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொஹீமியாவின் கிராஸ்லிட்ஸ் நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட கருவி வினைஞர்கள் 1946 இல் தொடங்கிய கூட்டுறவு அது. அவர்களுடைய 186 மாதிரி, நீங்களே அறிந்தபடி, அளவில் நடுத்தரமானது, சுருதியில் ஒழுங்கானது, சற்று உணர்ச்சி குறைந்தது. கடைசிச் சொல் என் சொந்த அபிப்பிராயம், சண்டைக்கு வர வேண்டாம். செர்வெனி செக் நாட்டின் ஹ்ரடெட்ஸ் கிராலோவேயில் 1842 இல் தொடங்கியது. நாதம் அகலமாக, கொஞ்சம் இருண்டு இருக்கும், ஆனால் ஒரே மாதிரியில் இரண்டை எடுத்து வாசித்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பி அண்ட் எஸ் கிழக்கு ஜெர்மனியின் அரசு நிறுவனமாக இருந்த காலத்திலேயே அதன் எஃப் ட்யூபாக்கள் மேற்கிலும் தேடி வாங்கப்பட்டன. கெரெட்ஸ்ரீடில் வளர்ந்த மெல்டனும், அந்த பி அண்ட் எஸ்ஸும் 2012 முதல் பஃபே கிராம்போன் என்ற ஒரே பிரெஞ்சு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. ஆகவே பெல்லில் (வாத்தியத்தின் அகன்ற வாயில்) பொறித்த பெயரை வைத்து மட்டும் பக்கம் சேர்ந்து வாதிடுவதில் பெரிய பயனில்லை.

பயன்படுத்திய ரோட்டரி வாத்தியத்தைப் பார்க்கப் போகும்போது இவற்றைச் செய்து பாருங்கள். ஒரு வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய குழாயை), அந்த வால்வை அழுத்தாமல், இரண்டு அங்குலம் வெளியே இழுத்து நிறுத்தி, பத்து விநாடி பொறுத்து, பிறகு வால்வை அழுத்துங்கள். "பொப்" என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே வராவிட்டால் ரோட்டர் தேய்ந்திருக்கலாம். பிறகு வால்வின் பின்மூடியைக் கழற்றுங்கள். அச்சின் நுனியில் ஒரு சிறு கோடும், சுற்றியுள்ள தட்டில் இரண்டு கோடுகளும் இருக்கும். வால்வை அழுத்தாதபோது ஒன்றோடும், அழுத்தியபோது மற்றொன்றோடும் அச்சுக் கோடு நேராக நிற்க வேண்டும். வாய்க்குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் சொந்த மவுத்பீஸைக் கொண்டு போங்கள். ட்யூனரை (சுருதி காட்டும் கருவியை) நீங்கள் பார்க்காதீர்கள், உடன் வருபவர் கையில் கொடுத்துவிடுங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவர் உதட்டால் சுருதியைத் திருத்திவிடுவார், வாத்தியத்தின் குறை மறைந்துவிடும்.

எஃப்பைச் சோதிக்கும்போது கீழ் சி-யை மறவாதீர்கள், அதாவது நான்காம் வால்வு மட்டும். ரோட்டரி எஃப் ட்யூபாக்களில் பொதுவாக அந்த ஒரு சுரம் மட்டும் தொண்டையில் துணி அடைத்ததுபோல் வரும். தள்ளி ஊதினால் இன்னும் அடைத்துக்கொள்ளும், மெதுவாக, அகலமாகக் காற்று விட்டால்தான் திறக்கும்.

கடைசி வரிசை எழுதுகிறார்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பள்ளி பேண்டில் தொடங்கி இப்போது ஒரு சமூக விண்ட் ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவன். மேலே எழுதியவர் ஏறத்தாழ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எனவே விடுபட்ட இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

எங்கள் பள்ளிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் யமஹா பிஸ்டன் ட்யூபாக்கள், அதாவது வால்வுகள் சுழலாமல் மேலும் கீழும் நகர்பவை. அதன் நாதத்தில் மயங்கியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றை வைத்துவிட்டு அதே மாதிரியில் மற்றொன்றை எடுத்தால் அதே வாத்தியம் கையில் இருப்பதுபோல் தோன்றும். பயன்படுத்தியதை வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் உங்கள் ஊரில் ரோட்டரியைப் பழுது பார்ப்பவர்தான் பக்கத்துத் தெருவில் இருப்பார். அதை விட்டுவிட்டு பிஸ்டனுக்குப் போவதற்கு வேறு வலுவான காரணம் வேண்டும்.

யார்க் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் இருந்த யார்க் நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் பிலடெல்பியா இசைக்குழுவுக்காக மிகப் பெரிய சி ட்யூபாக்களைச் செய்தது. அதில் ஒன்று அந்தக் குழுவின் கலைஞரிடமிருந்து அவருடைய மாணவர் ஆர்னல்ட் ஜேக்கப்ஸிடம் 175 டாலருக்குக் கைமாறியது. ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் வாசித்தார், வாத்தியமும் அவரோடு சேர்ந்து புகழ் பெற்றது. அன்று முதல் எத்தனையோ பேர் அதன் அளவுகளை எடுத்திருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஹிர்ஸ்ப்ரூனர் செய்தார்கள், யமஹா 826 என்ற மாதிரியைச் செய்தார்கள், இவை மிக நல்ல வாத்தியங்கள். ஆனால் ஜேக்கப்ஸ் மூச்சை ஆண்டாண்டாக ஆராய்ந்தவர். அவருடைய நாதத்தில் எவ்வளவு பங்கு பித்தளையுடையது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அப்படியிருக்க, நீங்கள் பார்க்கும் வாத்தியம் மிகப் பெரிய அளவிலான சி ட்யூபா. நால்வரை மூடிவிடுகிறது என்று ஏற்கெனவே குறைப்படுகிறவரின் பக்கத்தில் அதைக் கொண்டு போய் வைக்கப் போகிறீர்களா?

சீனத் தயாரிப்பு என்பதற்காக மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். நானே ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். கடையின் பெயர் வேண்டாம். முதல் வாரம் மகிழ்ச்சி. மூன்றாம் மாதம் நான்காம் வால்வின் ஸ்லைடில் பற்றவைப்பு விட்டுப்போனது. சரிசெய்யக் கொடுத்தபோது, அந்த அளவுக்கு மாற்றுக் குழாய் கிடைக்காது என்று பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். வாங்கினால் நேரில் எடுத்து வாசித்து, உதிரி பாகம் தருவதாக எழுத்தில் உறுதி பெற்று வாங்குங்கள்.

நான்காம் வால்வு எழுதுகிறார்:

இலண்டனில் ஒரு பிராஸ் பேண்டில் ஈ-ஃபிளாட் வாசிக்கிறேன். சிறு வயதில் நாகர்கோவிலில் இரட்சணிய சேனை பேண்டில் கற்றேன். அங்கே யாரும் ட்யூபா என்று சொன்னதில்லை, "பேஸ்" என்றுதான் பெயர். உங்கள் மூன்று தேர்வுகளிலும் இல்லாத நான்காவது ஒன்றை முன்வைக்க அனுமதியுங்கள்.

பெஸன் போன்றோர் செய்யும் நான்கு வால்வு ஈ-ஃபிளாட் ட்யூபாவில் ஈடுசெய் அமைப்பு என்று ஒன்று உண்டு. டேவிட் பிளெய்க்லி 1874 இல் காப்புரிமை பெற்றது. நான்காம் வால்வை அழுத்தியவுடன் காற்று முதல் மூன்று வால்வுகள் வழியாக இரண்டாம் முறையும் சுற்றி வரும், அப்போது ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துணைக்குழாய் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆகவே வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது சுருதி ஏறிவிடும் தொல்லை பெருமளவு நீங்கிவிடும், ஸ்லைடைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டியதில்லை. மேலே சொன்ன தாழ் பி-ஃபிளாட் இதில் நான்காம் வால்வு மட்டும். அதற்குக் கீழ் எஃப் ஒன்று, மூன்று, நான்கு சேர்ந்தது, சுருதி நிற்கும். சங்கம், குவின்டெட் இரண்டுக்கும் ஒரே வாத்தியம் போதும். ஜான் ஃப்ளெட்சர் 1968 முதல் 1987 இல் இறக்கும்வரை லண்டன் சிம்பொனியில் வாசித்ததும், பிலிப் ஜோன்ஸ் பிராஸ் குழுவில் வாசித்ததும் பெஸன் ஈ-ஃபிளாட்டில்தான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுக்குழாய்கள் கூடுவதால் எடை கூடும், கீழ் ஸ்தாயியில் காற்று சற்று முட்டும். எங்கள் பேண்டுகளில் ஈ-ஃபிளாட்டுக்கும் பி-ஃபிளாட்டுக்கும் ட்ரெபிள் கிளெஃபில் மாற்றியெழுதிய நோட்டுதான். எதை எடுத்தாலும் ஒரே விரலடைவு. உங்களுக்கு அந்த வசதி கிடையாது, விரலடைவைப் புதிதாகப் படிக்க வேண்டிய சுமை எஃப்பில் உள்ளதுபோலவே இதிலும் உண்டு.

மந்தர ஸ்தாயி எழுதுகிறார்:

இலண்டன் நண்பர் சொல்வது இசைக்கணக்கில் சரி, மறுக்கவில்லை. ஆனால் தென்ஜெர்மானியச் சங்கத்தில் பிஸ்டன் ஈ-ஃபிளாட்டோடு போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கும் ரோட்டரி பி-ஃபிளாட்டோடு நாதம் ஒட்டாது. ஒன்று வட்டமாக, வாய் திறந்து பாடும். மற்றொன்று அகலமாகத் தரையோடு போகும். இரண்டும் அழகுதான், ஒரே வரிசையில் அல்ல.

நெக்கர்க்கரையான் எழுதுகிறார்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை, எழுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு பழுதுபார்ப்பவரின் பட்டறைக்கு ஹார்ன் நண்பரையும் அழைத்துக்கொண்டு போனேன். ட்யூனரை அவர் கையில் கொடுத்து முதுகைத் திருப்பிக்கொண்டேன். முதலில் ஓர் எஃப். மேல் ஸ்தாயியில் வாசித்தபோது, ஆறு ஆண்டுகளில் முதல் முறையாக நானும் பாட முடியும் என்று தோன்றியது. நண்பரும் "இதையே வாங்கிவிடு" என்றார். பிறகு நீங்கள் சொன்னபடி எங்கள் சங்கத்தின் மார்ச் ஒன்றின் நோட்டை விரித்து, பி-ஃபிளாட், எஃப், பி-ஃபிளாட், எஃப் என்று பதினாறு தாள அளவுகள் (பார்கள்) வாசித்தேன். எட்டாவது அளவிலேயே உதடு தளர்ந்தது. நண்பர் ட்யூனரைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் விரலை மேலே காட்டினார். கீழ் சி-க்கு வந்தபோது, தொண்டையில் துணி என்று நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதே பட்டறையில் பயன்படுத்திய பி-ஃபிளாட்கள் இரண்டு இருந்தன. ஒன்று பெயர்பெற்றது, பளபளப்பானது, விலை அதிகம். மற்றது அடி வளைவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது, பூச்சும் பாதி போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் ஒடுங்கியதுதான் ஒவ்வொரு முறையும் நன்றாக இருந்தது. "பொப்" சத்தமும் நான்கு வால்வுகளிலும் வந்தது. அதை 3,900 யூரோவுக்கு வாங்கிவிட்டேன். மிச்சப் பணம் எஃப் கணக்கில் கிடக்கிறது, இரண்டு மூன்று ஆண்டுகளில் பார்க்கலாம்.

குவின்டெட்டில் இடத்தை மாற்றிக்கொண்டேன். இதுவரை என் பெல்லின் வாய் நேராக ஹார்ன்காரர் தலைக்கு மேல் இருந்தது. இப்போது மறுகோடியில், திரைச்சீலை தொங்கும் பக்கம் உட்காருகிறேன். கொஞ்சம் சிறிய மவுத்பீஸும் போட்டுக்கொண்டேன். குறைப்படுவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. பின்மூடிகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாம் வால்வில் அழுத்தாத நிலையில் கோடுகள் நேராக நிற்கின்றன, அழுத்தினால் அச்சுக் கோடு ஒரு நூலளவு தாண்டிப் போகிறது. அந்த வால்வில் வரும் சுரங்கள் சற்று மங்கலாகவும் கேட்கின்றன. இதற்காக வாத்தியத்தைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டுமா?

மந்தர ஸ்தாயி எழுதுகிறார்:

வேண்டாம் ஐயா. தாண்டிப் போகிறதென்றால் அந்தப் பக்கத்துத் தடுப்புத் தக்கை அமுங்கித் தேய்ந்திருக்கிறது, ரோட்டரில் குறையில்லை. வால்வின் மேல்பக்கம், கம்பி இணைந்திருக்கும் இடத்தில் அரைவட்டத் தகட்டில் இரண்டு தக்கைகள் செருகியிருக்கும். நெம்பினால் வந்துவிடும். புதிய தக்கையை வேண்டியதைவிடச் சற்றுத் தடிமனாகச் செருகி, கோடு நேராக வரும்வரை சவரக் கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் ஒருமுறை வால்வை அழுத்திக் கோட்டைப் பாருங்கள். அதிகமாகச் சீவிவிட்டால் வேறு தக்கைதான், எனவே இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.